செடி முழங்கால் உயரம், கிழங்கு நெல்லிக்காய் அளவு! ஏன்?

பாலக்கோட்டுக்காரன்:
தக்காளி விலையில் நொந்துபோய் இந்தத் தடவை அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டேன். தை கடைசியில் நடவு. செடி கருகருவென்று முழங்கால் தாண்டி நிற்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் கண் வைக்கிறார்கள். 70 நாள் ஆயிற்றே என்று நேற்று ஒன்றைப் பிடுங்கினால் நாலே நாலு கிழங்கு, அதுவும் நெல்லிக்காய் அளவில். மருந்துக்கடையில் இன்னொரு மூட்டை யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தளி மேட்டுக்காடு:
யூரியாவைத் தொடாதீங்க அண்ணா, அது தழையைத்தான் இன்னும் ஏற்றும். கோளாறு ராத்திரிச் சூட்டில் இருக்கு. உருளை நன்றாகக் கிழங்கு வைக்க ராத்திரி 15-லிருந்து 20 டிகிரிக்குள் இருக்கணும். பகலில் இலை சேர்க்கிற மாவு கீழே இறங்கினால்தான் கிழங்கு, புழுக்கமான ராத்திரியில் செடி அதை மூச்சு விட்டே செலவழித்துவிடும், மிச்சமும் தண்டுக்கும் இலைக்கும்தான் போகும். மண் சூடு 30-ஐ நெருங்கினால் கிழங்கு பிடிப்பதே அநேகமாக நின்றுபோகும். செடியடியைக் கிளறிப் பாருங்க, மண்ணுக்குள் வெள்ளையாக ஓடுகிற தண்டு நுனியில் கிழங்கு கட்டாமல் மேலே வந்து இலை விட்டிருக்கும்.

பாலக்கோட்டுக்காரன்:
பார்த்தேன், ரெண்டு செடியில் அப்படியே இருக்கு! அப்ப எப்போதான் நடுவது?

தளி மேட்டுக்காடு:
ஐப்பசி கடைசி, மிஞ்சினால் கார்த்திகை முதல் வாரம். கிழங்கு பெருக்கிற நாள் மார்கழி, தைக் குளிரில் விழணும், அவ்வளவுதான் கணக்கு. நாங்கள் ஓசூரை ஒட்டி கிட்டத்தட்ட 900 மீட்டர் மேட்டில் இருக்கிறோம், உங்க ஊர் எங்களுக்குப் பள்ளம், சூடும் கூட, அதனால் நாள் தள்ளவே கூடாது. சூடு கொஞ்சம் தாங்குகிற குஃப்ரி சூர்யா விதை கிடைத்தால் பாருங்க. மண் அணைத்தபின் வைக்கோல் மூடாக்குப் போட்டால் மண் சூடு குறையும்.

தேன்கனிக்கோட்டை பட்டறை:
குளிர் மட்டும் போதாது தம்பி. கார்த்திகையில் தொடர்ந்து மூடாப்பும் தூறலும் இருந்தால் இலைக்கருகல் வந்துவிடும். காலையில் இலையைத் திருப்பினால் கருகின ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரியும், அது தெரிந்தபின் மருந்தடித்தது எனக்கு உதவவில்லை, ஒரே வாரத்தில் காடே வெந்த மாதிரி ஆச்சு. மேகம் கட்டினதுமே மேன்கோசெப் என்கிற பூசண மருந்தை அடித்திருக்கணும். அப்புறம், காயவிட்டுத் திடீரென்று தண்ணி கட்டினால் கிழங்கு வெடிக்கும், இல்லை மேலே மொட்டு மொட்டாகப் பிதுங்கும்.

பாலக்கோட்டுக்காரன்:
சரிங்க, யூரியா வாங்கவில்லை. இந்த நெல்லிக்காயை யாராவது வாங்குவார்களா?

தளி மேட்டுக்காடு:
தோலோடு வறுக்க ஓட்டலில் கேட்பார்கள். பச்சை ஏறினதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோங்க.