டோக்கன் விழுந்தபின் யார் ஆடுவார்கள்?

கேள்வி:
2021இல் ஒரு கிரிப்டோ விளையாட்டை மூன்று மாதம் இரவெல்லாம் ஆடினேன். ஆடிச் சம்பாதித்த டோக்கனின் (விற்கக்கூடிய கிரிப்டோ நாணயம்) விலை சரிந்த வாரமே நீக்கிவிட்டேன். ஒரு பைசா தராத சதுரங்கத்தை மட்டும் இன்றும் விடவில்லை. முதலீட்டாளர்களை விட்டு, ஆட வருபவர்களை இழுத்தால் இந்தக் கிரிப்டோ விளையாட்டுகள் பிழைக்குமா?

பதில் 1:
ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கிரிப்டோ விளையாட்டைப் பாருங்கள். அன்று தொடங்கவே மூன்று ஆக்ஸிகளை, அதாவது மோதவிடும் டிஜிட்டல் பிராணிகளை, வாங்க வேண்டியிருந்தது. பணமில்லாத பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் இன்னொருவருடைய ஆக்ஸிகளை வைத்து ஆடி, வரவைப் பங்கிட்டார்கள். அதற்கு 'ஸ்காலர்ஷிப்' என்று பெயர் வேறு! குத்தகை என்றே சொல்லியிருக்கலாம். ஆடினால் எஸ்எல்பி என்ற டோக்கன் பிறந்தது. குட்டி ஆக்ஸி உருவாக்கினால் அது செலவானது. புதியவர்கள் குறைந்ததும் குட்டிகளை வாங்க ஆளில்லை, டோக்கன் மலையாகக் குவிந்து விலை விழுந்தது.

பதில் 2:
2022 மார்ச்சில் அந்த விளையாட்டு ஓடும் ரோனின் பிளாக்செயினில் 60 கோடி டாலருக்கு மேல் திருடுபோனதே, அதுதானே காரணம்?

பதில் 1:
இல்லை. அதற்குள் எஸ்எல்பி விலை 2021 ஜூலை உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. திருட்டு செத்த பாம்பை அடித்த கதை.

கேள்வி கேட்டவர்:
பிறகு வந்த ஆக்ஸியின் 'ஆரிஜின்' பதிப்பில் மூன்று ஆக்ஸிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். அதை முதல் நாளே செய்திருக்கலாம். இன்று இரவு இறக்கிப் பார்க்கிறேன், கிரிப்டோ பணப்பையை இணைக்காமல்.