சாஸ்தா கோவில் வேன்

பெரியப்பா: பங்குனி உத்திரத்துக்கு வேன் பேசியாச்சு. காலை 5 மணிக்கு நம்ம வாசலில் இருந்து கிளம்பும். 5 என்றால் 5. ஜப்பானில் ஒரு ரயில் 20 விநாடி தப்பியதற்கே கம்பெனி மன்னிப்புக் கேட்டிருக்கிறது, எல்லாரும் படியுங்கள்.

கனகா சித்தி: படித்தேன் அத்தான். அது முன்னாலேயே கிளம்பினதுக்குக் கேட்ட மன்னிப்பு.

வித்யா: போன வருஷம் நம்ம வேன் 4.50க்கே கிளம்பியது 🙈

கனகா சித்தி: நான் எதுவும் சொல்லவில்லைப்பா. இவர் பூ மாலையோடு தெருமுனையில் நின்றார், அவ்வளவுதான்.

பெரியப்பா: அது டிரைவர் எடுத்தது.

ரமேஷ் டோக்கியோ: பெரியப்பா, அது 2017 நவம்பர் செய்தி. சுகுபா எக்ஸ்பிரஸ், மினாமி நாகரேயாமா ஸ்டேஷன். 9:44:40க்குக் கிளம்ப வேண்டிய வண்டி 9:44:20க்குக் கிளம்பிவிட்டது, ஊழியர்கள் அட்டவணையைச் சரியாகப் பார்க்கவில்லை. யாரும் புகார்கூடக் கொடுக்கவில்லை, அடுத்த வண்டி 4 நிமிஷத்தில் இருந்தது, ஆனாலும் கம்பெனி தானாகவே அறிக்கை விட்டது.

முருகன் மாமா: சரி

முருகன் மாமா: *பலமுறை பகிரப்பட்டது* ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் நிலையத்தையே மூடாமல் வைத்திருந்த ஜப்பான்!! கண் கலங்க வைக்கும் உண்மைச் சம்பவம். 10 பேருக்காவது அனுப்புங்கள்.

அத்தை: 😢🙏

பெரியப்பா: அதுதான் நாடு.

ரமேஷ் டோக்கியோ: மாமா, அது பாதிதான் உண்மை. ஹொக்கைடோவில் க்யூ ஷிரதாகி என்ற ஸ்டேஷன், ஒரு பெண் தினமும் ஏறியது நிஜம். ஆனால் வண்டி அவளுக்காக மட்டும் ஓடவில்லை, வேறு பிள்ளைகளும் அதில்தான் போனார்கள். 2016 மார்ச்சில் மூடினார்கள். இங்கே ரயில் அட்டவணை மாறுவதும் பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்தான், இரண்டும் ஒன்றாக வந்ததும் கதை கட்டிவிட்டார்கள். ஸ்டேஷன் பெயரைக்கூடப் பக்கத்து கமி ஷிரதாகி என்று மாற்றிப் போட்டார்கள்.

முருகன் மாமா: ஒரு நல்ல விஷயம் போட விடமாட்டான்.

அத்தை: சின்னதிலேயே அப்படித்தான். ஆச்சி கதை சொன்னால் நரிக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தது என்பான்.

வித்யா: அண்ணா, பூனை ஸ்டேஷன் மாஸ்டரும் பொய்யா?

ரமேஷ் டோக்கியோ: அது முழு உண்மை. தாமா என்று பெயர். வகயாமா பக்கம் கிஷி ஸ்டேஷன். 2007இல் தொப்பி போட்டு நியமித்தார்கள், சம்பளம் பூனைத் தீனி. 2015இல் செத்தபோது இறுதிச் சடங்குக்கு 3000 பேர் வந்தார்கள், ஸ்டேஷனிலேயே சின்னக் கோவில் கட்டி சாமியாக்கிவிட்டார்கள். இப்போது அந்த வேலைக்கு வேறு பூனை.

கனகா சித்தி: பூனைக்கு 3000 பேர். நம்ம மாமா பதினாறுக்குப் பெற்ற பிள்ளைகள் ரெண்டு பேர் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: கனகா விடு. பொங்கல் வைக்கிற வெண்கலப் பானை யாரிடம் இருக்கிறது?

முருகன் மாமா: எங்களிடம் இல்லை

வித்யா: கோபே தண்ணீர் ஆபீஸில் ஒருத்தர் சாப்பாடு வாங்க 3 நிமிஷம் முன்னாலேயே எழுந்து போனாராம், 7 மாசத்தில் 26 தடவை. அரை நாள் சம்பளம் பிடித்து, அதிகாரிகள் டிவியில் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள் 😂 2018

முருகன் மாமா: நம்ம சின்னவர் அங்கே வேலை பார்த்திருந்தால் மாசாமாசம் இவர்தான் சம்பளம் கட்டியிருப்பார்.

சித்தப்பா: பானை எங்கள் வீட்டுப் பரணில். 5.30 வையுங்கள்.

பெரியப்பா: 5

அத்தை: பூக்காரி வருவதே 5க்குத்தான். 5.15 வை அண்ணா.

ரமேஷ் டோக்கியோ: 5.15 என்றால் இங்கே 8.45, நான் ஆபீஸ் ரயிலில் இருப்பேன். இங்கே வண்டியில் சத்தமாகப் பேச முடியாது. கோவிலுக்குப் போனதும் வீடியோ கால் போடுங்கள்.

முருகன் மாமா: நான் பைபாஸில் ஏறிக்கொள்கிறேன்.

பெரியப்பா: பைபாஸில் நிற்காது.

கனகா சித்தி: பரணில் ஏறி யார் எடுப்பது?