சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டை நில அதிர்வு தாங்கும்படி செய்ய இயலுமா?

மன்னார்குடியான்:
மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்கள் பாட்டனார் 1938-இல் கட்டிய வீடு இருக்கிறது. ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவர்கள், சுண்ணாம்புச் சாந்து. கூடத்துக்கு மேல் தேக்குக் கட்டைகளின்மீது செங்கலை நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு. கூடத்தின் மேற்குச் சுவர் குறுக்குச் சுவரோடு சேரும் மூலையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழுந்துள்ளது. பார்க்க வந்த பொறியாளர் ஒருவர், இடித்துவிட்டுத் தூண் போட்டுக் கட்டச் சொன்னார். குறுவை அறுப்பு முடிந்ததும் பூச்சு வேலை தொடங்குவதாக இருக்கிறோம். அதனோடு சேர்த்துக் குறைந்த செலவில் சுவர்களை வலுப்படுத்த வழி உண்டா? நம் பக்கத்தில் இதற்குச் செலவழிப்பதே தேவைதானா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

தஞ்சைப் பொறியாளர்:
டெல்டா மாவட்டங்கள் நில அதிர்வு வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து குறைந்த பகுதியில் இருந்துவந்தவை. ஆனால் 1993 செப்டம்பர் 30 அன்று அதிர்ந்த மகாராஷ்டிரத்தின் கில்லாரி, அந்நாளைய வரைபடத்தில் அதைவிடவும் கீழான முதல் மண்டலத்தில் இருந்தது. அங்கே பல்லாயிரம் பேரைக் கொன்றவை, மண் சாந்தில் கட்டிய கனமான கற்சுவர்களும் அவற்றின் மேலிருந்த மண் கூரைகளும்தாம். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் உண்டான அதிர்வைத் தமிழகக் கரையோரத்தில் பலர் உணர்ந்தார்கள். ஆபத்து குறைவு என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பூச்சைக் கொத்தும் நேரத்தில் இதைச் செய்யாமல் விடுவதுதான் தவறு.

செங்கற்சுவர் தன் நீளவாக்கில் வரும் தள்ளலை ஓரளவு தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் மூலையிலிருந்து பிரிந்து வெளியே சாயும். நான்கு சுவர்களும் ஒரு பெட்டியைப் போலச் சேர்ந்து அசைந்தால்தான் வீடு நிற்கும். அதற்கு, கதவு ஜன்னல்களின் தலைக்குச் சற்று மேலேயும் தளத்துக்கு அடியிலும், சுவரைச் சுற்றி ஏறத்தாழ ஓரடி உயரமுள்ள பட்டையாக மட்டும் பூச்சை எடுத்து, இணைப்புகளைச் சுரண்டி, ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷை (துத்தநாகம் பூசிய கம்பி வலையை) ஆணியடித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தால் மூட வேண்டும். மெஷ் மூலையில் வெட்டுப்படாமல் வளைந்து போவது முக்கியம். வெளிப்பட்டையையும் உட்பட்டையையும் சுவரைத் துளைத்துக் கம்பியால் பிணைக்க வேண்டும். ஐ.எஸ். 13935 என்ற இந்தியத் தரநிலை இந்த முறையை விவரிக்கிறது.

உங்கள் தளத்துக் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? அவற்றின் முனைகள் உட்காரும் இரு சுவர்களை மட்டுமே தளம் ஓரளவு பிடித்திருக்கும்; மற்ற இரண்டும் தனித்தே நிற்கும்.

நாகை மேஸ்திரி:
பொறியாளர் சொன்னது சரி. ஆனால் பட்டைதானே என்று தொடங்கி, சுவர் முழுவதையும் சிமெண்டால் பூசிவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடைக்காலிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடுவதால் உப்பு பூத்து, செங்கலே பொரிந்து உதிரும். பட்டையை மட்டும் சிமெண்டில் செய்து, மற்ற இடங்களைப் பழையபடி சுண்ணாம்பிலேயே பூசுங்கள். கடலோரத்து உப்புத் தண்ணீரில் சாந்து குழைத்தால் எந்த மெஷ்ஷும் துருப்பிடிக்கும். ஆகவே தண்ணீரைப் பார்த்து எடுங்கள்.

குறுவை அறுப்புக்குப் பின் பூச்சைக் கொத்தவே கொத்தாதீர்கள். ஐப்பசி அடைமழையில் திறந்த சுவர் நீரைக் குடிக்கும். தை அறுப்பு முடியட்டும். மாசி, பங்குனியில் சுவர் காய்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

திருவாரூர் வாசகி:
அட்டைப்பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையை வலையாகப் பின்னிச் சுவரின் இரு பக்கமும் கட்டும் முறை ஜப்பானில் உருவானதாகப் படித்தேன். அது இதைவிட மலிவல்லவா?

தஞ்சைப் பொறியாளர்:
மலிவுதான், அம்மா. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மெகுரோவின் குழுவினர் வளர்த்தெடுத்த முறை அது. விரிசலைத் தடுக்காது, விரிசல் விட்ட சுவர் சரிந்து விழாமல் பிடித்து, உள்ளே இருப்பவர் வெளியேற நேரம் தரும். வெயில் பட்டால் பட்டை நைந்துவிடும் என்பதால் பூச்சால் மூடியே ஆக வேண்டும். மண்சுவர் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நல்ல செங்கற்சுவருக்கு மெஷ் பட்டையே போதும்.

மன்னார்குடி நண்பருக்கு ஒன்று: நம் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்புவதாலும் இத்தகைய விரிசல் விழும். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள்; முதலில் கடைக்காலைப் பாருங்கள். அதற்கு முன் பட்டை போடுவது வீண் செலவு.

மன்னார்குடியான்:
இன்று ஏறிப் பார்த்தேன். கட்டைகள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. மேற்குச் சுவரின்மேல் ஒரு கட்டைகூட உட்காரவில்லை. அந்த மூலையில் மேலே ஒன்று, இடுப்புயரத்தில் ஒன்று என இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டேன். பூச்சு வேலையைத் தை முடியும்வரை தள்ளிவைத்திருக்கிறோம்.