புது ரோச் லைற் கொஞ்ச நேரத்திலேயே மங்குகிறது, வெளிச்சமும் நீலம். பிழை ரோச்சிலா பற்றறியிலா?

உரும்பிராய்ப்பெடியன்:
வணக்கம். அப்பாவுக்கு ஒரு சின்ன ரோச் வாங்கினேன், சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு, விலையும் பெரிதில்லை. பெட்டியில் வெளிச்சம் 1200 லூமன், 5 மணித்தியாலம் என்று அடித்திருக்கிறது. போட்டவுடன் நல்ல வெளிச்சம், கொஞ்ச நேரத்தில் மங்கிப் போகிறது. வெளிச்சம் நீலம் பாரித்த வெள்ளை, அதில் தோட்டத்துக்குள் ஒன்றும் வடிவாகத் தெரியவில்லை என்கிறார். திருப்பிக் கொடுக்கலாமா? கெதியாகச் சொல்லுங்கோ, நாளைப் பின்னேரத்துக்குள் கொண்டுபோனால்தான் கடையில் மாற்றித் தருவார்கள்.

கொடிகாமத்தான்:
தம்பி, என்ன பற்றறி? சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற சின்னதா, 18650 என்கிற சார்ஜ் போடுகிற லிதியம் செல்லா? கொஞ்ச நேரம் என்றால் 3 நிமிடமா அரை மணித்தியாலமா? முழு வெளிச்சத்திலா நடு வெளிச்சத்திலா பார்த்தீர்கள்? மங்கும்போது ரோச் கையில் சுடுகிறதா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல ஏலாது.

சுன்னாகம்_றிப்பயர்:
என்னிடம் வருகிற மலிவு ரோச்சுகளில் பிழை அநேகமாகப் பின்மூடியில்தான் இருக்கும். மூடியைக் கழற்றி, குழாயின் விளிம்பையும் மூடிக்குள் இருக்கிற சுருளையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையும். புதுச் சாமானிலும் எண்ணெய்ப் படலம் இருக்கும். பிறகு மூடி இல்லாமலே ஒரு தடித்த செப்புக் கம்பித் துண்டால் பற்றறியின் அடியையும் குழாயில் பூச்சு இல்லாத விளிம்பையும் சேர்த்துப் பிடித்துப் பாரும். வெளிச்சம் கூடினால் சுருளோ சுவிட்சோ கரண்டைத் தின்கிறது.

லக்ஸ்மீற்றர்:
இதே கேள்வி இங்கே எத்தனையோ தரம் வந்துவிட்டது, கேட்க முதல் தேடிப் பார்க்கலாம். சரி, திரும்பவும் சொல்கிறேன். ரோச்சுகளை அளக்கிற எஃப்.எல்.1 என்கிற தரப்படி பெட்டியில் போடுகிற நேரம், ரோச் போட்டு 30 செக்கனில் இருந்த வெளிச்சம் அதில் 10 வீதத்துக்கு இறங்கும் வரைக்குமான நேரம். 1200 லூமன் 120 ஆகும் வரை ஓடினாலும் அது கணக்கில் சேரும். 1200 லூமன் 5 மணித்தியாலமும் நிற்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. நல்ல 18650 ஒன்று 3500 மில்லி அம்பியர் மணி, 3.6 வோல்ற்றில் 12.6 வாற் மணி. இந்த விலை ரோச் 1 வாற்றுக்கு 100 லூமன் வெளியே தந்தால் பெரிய காரியம். 1200 லூமனுக்கு 12 வாற் வேண்டும், அப்படியென்றால் ஒரு மணித்தியாலம்தான். அந்தச் சூட்டையும் இவ்வளவு சின்ன அலுமினியக் குழாய் தாங்காது, ஆகவே சில நிமிடத்தில் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் ரோச்சில் பிழை ஒன்றுமில்லை, வாங்க முதல் படித்திருக்க வேண்டும்.

கொடிகாமத்தான்:
படித்தவர் ஏன் இங்கே வந்து கேட்கிறார், அண்ணை? சூட்டால் குறைகிறதா பற்றறி விழுகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். தம்பி, மங்கினதும் நிறுத்திவிட்டு உடனே திரும்பப் போடுங்கள். முழு வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம் நின்றால், குழாயும் சூடாக இருந்தால், அது ரோச்சின் ஒழுங்கு. ஒரு கணம் ஏறிவிட்டு விழுந்தால், குழாயும் குளிராக இருந்தால், பற்றறியிலோ தொடுப்பிலோ பிழை.

கண்ணை மட்டும் நம்பவேண்டாம். வெளிச்சம் பாதியானால் கண் அதைப் பாதியாகக் காணாது. மங்கிவிட்டது என்று கண்ணுக்கே தெரிகிறது என்றால் கால் பங்குக்குக் கிட்ட இறங்கியிருக்கும். இரவில் ஒரு சின்ன அறையைப் பூட்டி, மற்ற லைற் எல்லாம் நிறுத்தி, ரோச்சை நிமிர்த்தி வைத்து முகட்டுக்கு அடியுங்கள். போனில் லக்ஸ் பார்க்கிற செயலியைப் போட்டு, வெளிச்சம் நேரே படாத மூலையில் நிலத்தில் வையுங்கள். அதில் வருகிற எண்ணை லூமன் என்று எடுக்கக் கூடாது. தொடக்கத்தில் எவ்வளவு, பத்து நிமிடத்தில் எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் உதவும்.

தோட்டக்காரி_இணுவில்:
எல்லாரும் லூமன் கதைக்கிறீர்கள், அவருடைய அப்பாவுக்குத் தெரியவில்லை என்பதற்கு நிறமும் காரணம். எங்கள் பக்கம் செம்மண். இரவு இறைப்புக்குப் போகும்போது நீல வெளிச்சத்தில் மண், காய்ந்த பனையோலை, சருகு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அதுக்குள் புடையன் பாம்பு சுருண்டு கிடந்தால் கிட்டப் போகும் வரை தெரியாது. 4000, 4500 கெல்வின் என்று வருகிற மஞ்சள் சாய்ந்த ரோச்சில் அதன் உடம்புப் புள்ளிகள் தனியாகத் தெரியும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

லக்ஸ்மீற்றர்:
கெல்வின் மட்டும் போதாது அக்கா, சி.ஆர்.ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்கிற எண்ணையும் பார்க்க வேண்டும். 70 உள்ள மஞ்சளும் இருக்கிறது, அதில் சிவப்பு செத்துத்தான் தெரியும். 90க்கு மேல் தேடுங்கள். நிறத்தை ஒப்பிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் போன் கமராவின் வைற் பாலன்ஸ் என்கிற நிறச் சரிப்படுத்தலைப் பகல் வெளிச்சத்தில் பூட்டிவிட்டு எடுங்கள். தானாக விட்டால் போன் எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கிவிடும்.

மாஸ்ரர்:
தொண்ணூறுகளில் இங்கே போர்க்காலம், கரண்டும் இல்லை, பற்றறியும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், அதே டைனமோவின் மஞ்சள் பல்ப்பில்தான் ஒழுங்கை வழியாக வீடு வந்தோம். எத்தனை லூமன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் வழியில் கிடக்கிறது கயிறா பாம்பா என்று தெரிந்தது. தங்கச்சி சொல்வது சரி.

கடலோரம்_பருத்தித்துறை:
மாஸ்ரர், அந்த பல்ப் கண்ணுக்கு நல்லாகக் கீழே, பதிவாக இருந்தது, அதனால்தான் தெரிந்தது. பதிவாகப் பிடித்தால் பாம்புக்குப் பின்னால் நிழல் விழும். நெற்றியில் கட்டினால் நிழல் கண்ணுக்கு மறைந்து எல்லாம் தட்டையாகிவிடும். நிறத்தைவிட இது முக்கியம்.

தோட்டக்காரி_இணுவில்:
பதிவாகப் பிடிக்க வேண்டும்தான். ஆனால் மண்வெட்டியும் பிடித்துக்கொண்டு இறைக்கிறவருக்கு இரண்டு கையும் வேண்டுமே, ரோச்சை எங்கே பதிவாகப் பிடிப்பது? அதோடு நீல வெளிச்சத்துக்குப் பூச்சியும் கூட வரும், பூச்சிக்குத் தவளை, தவளைக்குப் பாம்பு.

லக்ஸ்மீற்றர்:
பூச்சி வரும், உண்மை. பத்து நிமிடம் ஒரு ரோச் எரிந்ததால் பாம்பு வரும் என்பது மிகை. முற்றத்தில் விடிய விடிய எரிகிற லைற்றுக்கு அந்தக் கதை பொருந்தும்.

உரும்பிராய்ப்பெடியன்:
மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன். பற்றறி 18650, ரோச்சோடு வந்தது, அதில் 9900 என்று அடித்திருக்கிறது. மூடி துடைத்தேன், மாற்றமில்லை. நிறுத்திப் போட்டால் ஒரு கணம் ஏறி உடனே விழுகிறது. குழாய் சூடில்லை.

கொடிகாமத்தான்:
9900ஐ முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கவே தேவையில்லை. கடையில் கிடைக்கிற நல்ல 18650 பெரும்பாலும் 2500 முதல் 3500 வரைதான், 9900 வெறும் ஸ்ரிக்கர். தராசில் நிறுத்துப் பாருங்கள், நல்லது 45 கிராம் அளவில் இருக்கும்.

சுன்னாகம்_றிப்பயர்:
கம்பியால் தொடுத்துப் பார்த்தீரா? துடைத்தது மட்டும் போதாது. பற்றறி பிழை என்றாலும் சுருளையும் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினிப் பற்றறிக்குள் இருக்கிற செல் ஒன்று கழற்றிப் போட்டால் இதைவிட நல்லாக ஓடும்.

லக்ஸ்மீற்றர்:
புதியவருக்கு அதைச் சொல்லாதீர்கள். 2.5 வோல்ற்றுக்குக் கீழே கிடந்த பழைய செல்லைச் சார்ஜ் போட்டால் சூடாகித் தீப்பிடிக்கலாம். மீற்றரில் பார்க்கத் தெரியாதவர் புதுச் செல்தான் வாங்க வேண்டும். பாதுகாப்புத் தகடு வைத்த செல் வழக்கமான 65 மில்லிமீற்றரைவிட நீளம், சில சின்ன ரோச்சுக்குள் மூடி பூட்டாது. அளந்து வாங்குங்கள்.

உரும்பிராய்ப்பெடியன்:
கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடையில் செல்லை நிறுத்தேன், 29 கிராம். ரோச் வாங்கின கடைக்காரர் ரோச்சை மாற்றவில்லை, செல்லுக்குக் காசு தந்தார். வேறு செல் போட்டு முகட்டுக்கு அடித்துப் பார்த்தேன், 310இல் தொடங்கி பத்து நிமிடத்தில் 190, அதிலேயே நிற்கிறது, குழாயும் சுடுகிறது. நீலம் அப்படியேதான். அப்பா இப்போதைக்குக் கொண்டுபோகிறார். எல்லாருக்கும் நன்றி.

கடலோரம்_பருத்தித்துறை:
நல்லது. பதிவாகப் பிடிக்கச் சொல்லுங்கோ.

வலிகாமம்_வாசகர்:
இணுவில் அக்கா, உந்த 4000 கெல்வின் சின்ன ரோச் யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் எடுக்கலாம்? எனக்கும் அப்பாவுக்குத்தான்.