மறு: பெகோரா, பெராகா – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் வரும் இரண்டு எபிரெயச் சொற்களை, பெகோரா (தலைப்பிள்ளைக்குரிய உரிமை), பெராகா (ஆசி), தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் ஒருவர் எழுதியதற்கு என் மறுமொழி இது.

> ‘மூப்புரிமை’ என்று ஒரே சொல்லாக வைத்துவிடலாம். மூத்தவனுக்குச் சேரவேண்டிய பங்கும் மூத்தவனுக்குச் சேரவேண்டிய ஆசியும் அதில் அடங்கிவிடும்.

அடங்காது என்பதே என் கருத்து. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் மூத்த மகன் ஏசா ஏன் அழுகிறான் என்பதே விளங்காமல் போய்விடும். அவன் பெகோராவை விற்றது 25ஆம் அதிகாரத்தில். தம்பி யாக்கோபிடம், பயற்றங்கூழுக்கு, ஆணையிட்டு விற்றான். எபிரெய மூலம் அதன்பின் நான்கு வினைகளை மூச்சுவிடாமல் அடுக்குகிறது: உண்டான், குடித்தான், எழுந்தான், போனான். அங்கே கண்ணீர் இல்லை. பிறகு ஒரு நாள், பார்வை மங்கிய தந்தை ஈசாக்கின் வாயிலிருந்து பெராகா தம்பிக்குப் போய்விட்டது என்று தெரிந்தபோதுதான் அவன் அலறுகிறான். விற்றதும் பறிபோனதும் ஒரே பொருள் என்றால் அந்த அலறலுக்கு நியாயமில்லை. ஈசாக்கும் ‘நீதான் விற்றுவிட்டாயே’ என்று சொல்லவில்லை. தம்பி சூதாக வந்து உன் ஆசியை வாங்கிக்கொண்டான் என்றுதான் சொல்கிறார்.

பங்கு என்பது கைமாறக்கூடியது. இராக்கில் கிர்குக் நகருக்கு அருகே நூசியில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில், தோப்பில் தனக்குள்ள பங்கை ஒருவன் தன் சகோதரனுக்கு மூன்று ஆடுகளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். அது மூத்தவனின் தனியுரிமையைப் பற்றிய ஆவணம் அன்று, வெறும் சொத்துப்பங்கு. ஏசாவின் கதைக்கு அதையே சான்றாகக் காட்டுவோரோடு நான் உடன்படவில்லை. ஆனால் அந்த உலகில் உடன்பிறந்தோர் பங்கை விற்றார்கள், வாங்கினார்கள் என்பதற்கு அது போதும். ஆசியை அப்படி விற்க முடியாது, திரும்பப் பெறவும் முடியாது. ஈசாக்கு உடல் நடுங்குகிறார், ஆனாலும் ‘அவன் ஆசி பெற்றவனாகவே இருப்பான்’ என்கிறார். ஏமாற்றப்பட்டுச் சொன்ன சொல் கூட நிற்கிறது. நம் ஊரில் பெரியவர் வாக்குப் பலிக்கும் என்பார்களே, அந்த நம்பிக்கைக்கு மிக அருகில் நிற்பது இது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். ஆனால் ஒட்டாத இரண்டு சொல்லும் போதாது. எனக்கு உறக்கம் கெட்டது இங்கேதான். பேத், காஃப், ரேஷ் என்ற மூன்று எழுத்துகள் பெகோராவின் வேர். அவற்றில் கடைசி இரண்டை இடம் மாற்றினால் பெராகாவின் வேர். 27:36இல் ஏசா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான்: ‘எத் பெகோராத்தி லாகாஹ், வெஹின்னே அத்தா லாகாஹ் பிர்காத்தி’. என் பெகோராவை எடுத்தான், இதோ இப்போது என் பெராகாவையும் எடுத்தான். அண்ணனும் தம்பியும் இடம் மாறியதை எழுத்துகளே இடம் மாறிக் காட்டுகின்றன. ‘சேஷ்டபுத்திரபாகம்’, ‘ஆசீர்வாதம்’ என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் படிக்கும்போது பொருள் வருகிறது, இந்த ஓசை வருவதில்லை.

சேஷ்டபுத்திரபாகத்தை இங்கே சிலர் கேலி செய்திருந்தீர்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. மூத்த மகனுக்குத் தனிப் பங்கு என்ற கருத்து வடமொழி அறநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சட்டப் பொருளைக் குறி பார்த்தே ‘பாகம்’ என்று முடித்திருக்கிறார்கள். உபாகமம் 21:17 சொல்வதும் பங்கைத்தான்: தலைப்பிள்ளைக்கு இரண்டு பங்கு. ஐந்து பிள்ளைகள் என்றால் சொத்தை ஆறாக வகுத்து மூத்தவனுக்கு இரண்டு. சொல் தவறன்று. இன்றைய வாசகனின் நாவில் ஏற மறுக்கிறது, அவ்வளவே.

‘மூப்புரிமை’யில் வேறு சிக்கல். மூப்பு ஒப்பீட்டில் வருவது. மூன்றாமவனுக்கும் நான்காமவனைவிட மூப்பு உண்டு; அலுவலகத்தில் பணிமூப்பு அப்படித்தான் கணக்கிடப்படுகிறது. பெகோரா முதல்வன் ஒருவனுக்கே உரியது. ‘தலைமகன் உரிமை’ நல்ல சொல், ஆனால் அகப்பாடல் படித்தவர்க்குத் தலைமகன் என்றதும் குறிஞ்சி நிலத்துக் காதலன் வந்து நிற்பான்.

என் முன்மொழிவு ‘பேறு’ என்ற சொல்லில் தொடங்குகிறது. மகப்பேறு என்றால் பிறப்பு. பெரும்பேறு என்றால் கிடைத்தற்கரிய நன்மை. பெறு என்ற வேரிலிருந்து, கைக்கு வந்து சேர்வது எதுவும் பேறு. எபிரெயம் இரண்டு வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்ததைத் தமிழ் ஒரே வேரில் வைத்திருக்கிறது. எனவே:

பெகோரா – தலைப்பேறு
பெராகா – வாக்குப்பேறு

‘என் தலைப்பேற்றை எடுத்தான், இதோ இப்போது என் வாக்குப்பேற்றையும் எடுத்தான்’ என்று உரக்கப் படித்துப் பாருங்கள். ஏசாவின் குரல் கேட்கிறதா?

இன்னொன்று, இதுவரை யாரும் தொடாதது. எபிரெய மறையில் முதற்பிறப்பு இரண்டு வகை. பங்குக்குரியவன் தந்தையின் முதல்வன். உபாகமம் அவனைத் தந்தையுடைய ஆற்றலின் தொடக்கம் என்கிறது. கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டு மீட்கப்பட வேண்டியவனோ தாயின் முதல்வன், ‘பேத்தெர் ரேஹெம்’, கருப்பை திறந்தவன். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பெகோரோத் நூல், எட்டாம் அதிகாரம், இந்த இரண்டும் பிரியும் இடங்களை எடுத்துப் பேசுகிறது. முன்பே பிள்ளை பெற்ற பெண்ணை, பிள்ளையில்லாத ஒருவன் மணந்து ஒரு மகனைப் பெற்றால், அந்த மகன் பங்குக்குத் தலைப்பிள்ளை, ஆலயக் குருவுக்குத் தரவேண்டிய மீட்புப்பணத்துக்குத் தலைப்பிள்ளை அல்லன். எண்ணாகமம் 3இல் எண்ணப்பட்டவர்கள் இந்த இரண்டாம் வகையினர்: 22,273 பேர். அவர்களுக்கு ஈடாக, இறைப்பணிக்குரிய குலத்தாரான லேவியர் 22,000. மிஞ்சிய 273 பேருக்குத் தலைக்கு 5 சேக்கல் வெள்ளி.

தமிழில் ஈனுவது தாய் மட்டுமே. ஈற்று என்றாலே அங்கே தந்தைக்கு இடமில்லை. பழைய மொழிபெயர்ப்பு ஆடுமாடுகளுக்கு வைத்திருக்கும் ‘தலையீற்று’ என்ற சொல்லைப் பேத்தெர் ரேஹெமுக்கு வைத்தால் இந்த வேறுபாடு அடிக்குறிப்பு இல்லாமலே நிற்கும். யாத்திராகமம் 13:2இல் மனிதரையும் விலங்கையும் சேர்த்தே அந்தத் தொடர் குறிக்கிறது என்பதால், ‘மாட்டுக்குச் சொல்வதை மனிதனுக்குச் சொல்வதா’ என்ற தயக்கம் வேண்டாம்.

உங்கள் கருத்தை எதிர்நோக்குகிறேன்.

——

தம்பிக்கு,

‘பேறு’ கண்டது மகிழ்ச்சி. இரண்டு தடைகள். ஒன்று, வாக்குப்பேறு என்றால் தேவாலயத்தில் வளர்ந்தவர்கள் ‘வாக்குத்தத்தம்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆபிரகாமுக்குக் கடவுள் கொடுத்தது வாக்குத்தத்தம். ஈசாக்கு மகனுக்குச் சொன்னது வேறு. இவற்றைக் கலந்துவிடாதீர்கள். இரண்டு, பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘தலைப்பேறு’ என்பது பிள்ளையையே குறிக்கிறது. ஆளுக்கும் உரிமைக்கும் ஒரே சொல் ஆகலாமா?

——

ஐயா, வணக்கம்.

முதல் தடையை அப்படியே ஏற்கிறேன். ‘ஆசிப்பேறு’ என்று மாற்றிக்கொள்வோம். வாக்கின் கனம் சற்றுக் குறைகிறது, ஆனால் குழப்பம் இல்லை.

இரண்டாவதில் முழுதும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆளுக்குத் ‘தலைப்பிள்ளை’ என்ற வழக்குச்சொல் இருக்கிறது. எகிப்தின் தலைப்பிள்ளைகள் மாண்ட பத்தாம் வாதையைச் சொல்லும்போது பழைய மொழிபெயர்ப்பே அதை ஆள்கிறது. எபிரெயத்திலும் இந்த நெகிழ்வு உண்டு: ஆபேல் கொண்டுவந்த மந்தையின் முதல் ஈற்றுகளுக்கு மூலத்தில் உள்ள சொல் ‘பெகோரோத்’. உருவில் அது பெகோராவின் பன்மை. சட்டப் பகுதியில் ஐயம் வரும் இடத்தில் ‘தலைப்பேற்றுரிமை’ என்று நீட்டிக்கொள்ளலாம். கதையில் நீட்டினால் ஏசாவின் வரி செத்துவிடும்.

இந்தப் பிரிவு எவ்வளவு தேவை என்பதற்கு 1 நாளாகமம் 5:1-2 ஒன்றே போதும். யாக்கோபின் மூத்த மகன் ரூபன் தந்தையின் படுக்கையைத் தீட்டுப்படுத்தியதால் அவனுடைய பெகோரா தம்பி யோசேப்பின் மக்களுக்குப் போயிற்று; ஆட்சியோ இன்னொரு தம்பி யூதாவிலிருந்து வந்தது. பிறந்த வரிசையில் முதல்வன் ஒருவன், இரட்டைப் பங்கு பெற்றவன் ஒருவன், ஆட்சி பெற்றவன் ஒருவன். மூப்புரிமை என்ற ஒரே சொல்லால் அந்த இரண்டு வசனங்களை மொழிபெயர்த்துப் பாருங்கள், நூல் சிக்கிக்கொள்ளும்.

இந்த மாற்றம் அத்தனை எளிதாகவும் கடந்து போவதில்லை. வெறுக்கப்பட்டவளின் மகன் மூத்தவனாயிருக்க, நேசிக்கப்பட்டவளின் மகனுக்கு அந்த இடத்தைத் தரக்கூடாது என்பது உபாகமம் 21இன் சட்டம். யாக்கோபின் மனைவி லேயாளைக் குறிக்க ஆதியாகமம் 29:31இல் வருவது அதே ‘வெறுக்கப்பட்டவள்’ என்ற சொல். ரூபன் அவள் மகன், யோசேப்பு நேசிக்கப்பட்ட மனைவி ராகேலின் மகன். சட்டத்தைப் படிக்கும்போது யாக்கோபின் வீடு கண்முன் வராமல் இருப்பது கடினம்.

அந்தச் சட்டத்தில்தான் இன்னும் தீராத ஒன்று கிடக்கிறது: ‘லெவக்கேர்’ என்ற வினை. ஒருவனைத் தலைப்பிள்ளையாக நடத்துதல், அந்த நிலையை அளித்தல் என்று பொருள். ‘தலைப்படுத்து’ என்று முதலில் எழுதினேன். தலைப்படு என்பதற்குத் தமிழில் வேறு வாழ்க்கை இருப்பதால் அழித்துவிட்டேன். இப்போதைக்குத் ‘தலைப்பேறாக்கு’ என்று வைத்திருக்கிறேன். 89ஆம் சங்கீதத்தில், ஈசாயின் கடைசி மகனான தாவீதைக் கடவுள் தலைப்பேறாக்குகிறார். எரேமியா 31:9இல் ‘எப்பிராயீம் என் தலைப்பிள்ளை’ என்கிறார். யாக்கோபு கைகளைக் குறுக்காக மாற்றி வைத்து, யோசேப்பின் மூத்த மகன் மனாசேக்கு முன்னே நிறுத்திய அந்த இளையவன்தான் எப்பிராயீம். இதைவிடச் சிறிய வினை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். இரண்டு அசைக்குள் வந்தால் நன்று.