கால்நடை மருத்துவ டெக்னீஷியன்களுக்குத் தனிச் சங்கம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: கொங்குமலர்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் செல்லப்பிராணிகளுக்கான ஒரு தனியார் மருத்துவமனையில் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். ஊசி போடுவதற்கு நாயின் முன்னங்காலைப் பிடித்து நரம்பை எடுத்துக் கொடுப்பது, அறுவை சிகிச்சை நடக்கும்போது ஈறின் நிறத்தையும் மூச்சின் வேகத்தையும் பார்த்துப் பார்த்துத் தாளில் குறிப்பது, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கருவிகளைக் கிருமி நீக்க ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பது, இரவில் ட்ரிப் ஓடுகிறதா என்று கண்விழித்துப் பார்ப்பது எல்லாம் எங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆனால் இந்த வேலைக்கு ஒரு மருத்துவமனையில் கம்பவுண்டர் என்றும், இன்னொன்றில் உதவியாளர் என்றும், மற்றொன்றில் ஹெல்ப்பர் என்றும் எழுதிச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் இதே வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் பெயரில் தகுதிச் சான்றிதழும் அடையாள அட்டையும் வழங்குவது, ஊதியம் குறித்துப் பேசுவது, பயிற்சி வகுப்புகள் நடத்துவது ஆகியவை எங்கள் எண்ணம். சான்றிதழ் இருந்தால்தான் ஆள் சேரும் என்பது பலருடைய கருத்து. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தகைய சங்கங்கள் நெடுங்காலமாக நடக்கின்றன என்று அறிகிறேன். அவை எந்த வரிசையில் வளர்ந்தன, எங்கே முட்டிக்கொண்டன என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: யாழ்வழி

வணக்கம் சகோதரி. நான் பிரிட்டனில் பதிவுபெற்ற கால்நடைச் செவிலியராக இருக்கிறேன். இங்கு நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் முதலில் வைத்திருக்கும் சான்றிதழ் இங்கு சங்கத்திடமிருந்து வரவே இல்லை.

கால்நடை மருத்துவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் வெட்டர்னரி சர்ஜன்ஸ் 1961-இல் உதவியாளர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தேர்ச்சி பெற்றவர்களுக்கு 'பதிவுபெற்ற விலங்குச் செவிலியத் துணையாளர்' என்ற நீளமான பெயர்தான் கிடைத்தது. நர்ஸ் என்ற பட்டம் மனிதர்களைக் கவனிக்கும் செவிலியருக்குச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருந்ததால் அதைத் தொட முடியவில்லை. இப்படிப் பயிற்சி பெற்று வெளியே வந்தவர்கள் ஓரளவு சேர்ந்த பிறகு, 1965-இல் பிரிட்டிஷ் வெட்டர்னரி நர்சிங் அசோசியேஷன் உருவானது. அதாவது, யார் இந்தத் தொழிலைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு வெளியிலிருந்து ஒரு விடை கிடைத்த பின்னரே சங்கம் பிறந்தது. யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்ற சண்டை தொடக்கத்திலேயே வந்து சங்கம் உடையாமல் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

வெட்டர்னரி நர்ஸ் என்ற பெயர் 1984-இல்தான் வந்தது. அதைவிட முக்கியமானது 1991-இல் நடந்த மாற்றம். 1966-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒரு பகுதி உண்டு. மருத்துவர் அல்லாதவர் விலங்குக்கு என்னென்ன செய்யலாம் என்பதை அது வரையறுக்கிறது. 1991-இல் அதைத் திருத்தி, ராயல் காலேஜின் பட்டியலில் உள்ள செவிலியர் தம்மைப் பணியமர்த்தியுள்ள மருத்துவரின் வழிகாட்டலில் மருந்து கொடுக்கவும், உடற்குழிக்குள் நுழையாத சிறு அறுவைகளைச் செய்யவும் வழிசெய்தார்கள். தோலில் ஏற்பட்ட காயத்துக்கு நான் தையல் போடலாம்; பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்யக் கூடாது, அது வயிற்றைத் திறக்கும் வேலை. நோய் இன்னதென்று கண்டறிந்து சொல்வதும் என் வேலை அன்று. அன்றாடம் மருத்துவமனையில் எழும் பூசல்களில் பாதி, இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எழுத்தில் இருப்பதால் பேசாமலே தீர்ந்துவிடுகிறது.

செவிலியருக்கான பதிவேடு 2007-இல் திறக்கப்பட்டது. 2011 முதல் தவறு செய்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் முறையும் வந்தது. 2015-இல் வந்த அரச சாசனம் (ராயல் காலேஜின் அதிகாரங்களை வரையறுக்கும் ஆவணம்) பதிவுபெற்ற செவிலியரை ராயல் காலேஜின் இணை உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது. சங்கம் தொடங்கியதிலிருந்து பதிவேடு வரும்வரை 42 ஆண்டுகள். அவ்வளவுக்கும் பிறகும், 1966 சட்டம் அந்தப் பட்டப்பெயருக்குப் பாதுகாப்பு தரவில்லை. பயிற்சியே இல்லாத ஒருவர் தம்மைக் கால்நடைச் செவிலியர் என்று சொல்லிக்கொண்டால் அதற்காக வழக்குப் போட முடியாது. சங்கம் இன்றும் முன்வைக்கும் கோரிக்கைகளில் இது ஒன்று.

பதிவேட்டை வைத்திருப்பது ராயல் காலேஜ். எங்களுக்காகப் பேசுவது சங்கம். ஆண்டுக்கு 15 மணி நேரம் தொடர்கல்வி முடிக்க வேண்டும் என்று விதிப்பது முன்னது. அந்த மணிகளை நிரப்பக்கூடிய மாநாட்டையும் இதழையும் நடத்துவது பின்னது. என் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சங்கத்தால் முடியாது என்பதால்தான் விசாரணை என்று வந்தால் நான் சங்கத்தை நம்பிப் போக முடிகிறது. ஒரே அமைப்பு சான்றிதழும் கொடுத்து, உறுப்பினருக்காக வாதாடவும் செய்தால் இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பதில் 2: ஏரிக்கரை

மேலே எழுதியவரின் கடைசி வரி பிரிட்டனுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் அது அவ்வளவு தெளிவாக இல்லை என்பதால் இங்குள்ள நிலையையும் எழுதுகிறேன்.

இங்கும் படிப்புதான் முதலில் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் டெல்ஹை என்ற சிற்றூர் (எழுத்தில் நம் தலைநகரின் பெயரேதான்) கல்லூரியில் 1961-இல் விலங்கு டெக்னீஷியன்களுக்கான படிப்பு தொடங்கியது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1970-களில் இத்தகைய படிப்புகளை ஆய்வுசெய்து அங்கீகரிக்க ஆரம்பித்தது. டெக்னீஷியன்களுக்கான வட அமெரிக்கச் சங்கம் 1981-இல் உருவாகி, 2002-இல் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் வெட்டர்னரி டெக்னீஷியன்ஸ் இன் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக்கொண்டது. சுருக்கமாக நாவ்டா என்பார்கள். ஆக, அங்கீகரிப்பது மருத்துவர்களின் சங்கம், தேசியத் தேர்வை நடத்துவது மாநிலக் கால்நடை மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு, உரிமம் தருவது அந்தந்த மாநிலம், பேசுவது நாவ்டா என்று வேலை நான்காகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு மாநிலத்தில் உரிமம், அடுத்ததில் பதிவு, மூன்றாவதில் சான்று. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகளும் ஊருக்கு ஊர் மாறும்.

கொலராடோவில் பல ஆண்டுகள் டெக்னீஷியன்களின் மாநிலச் சங்கமே சான்று வழங்கி வந்தது. அரசு முன்வராத இடத்தில் சங்கம் அந்தப் பொறுப்பைச் சுமந்தது என்று அதைப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சான்றை எல்லோரும் மதித்ததற்குக் காரணம், அங்கீகாரம் பெற்ற படிப்பும் தேசியத் தேர்வும் அதற்குப் பின்னால் இருந்தன. 2022-இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி மாநில வாரியத்தின் பதிவு அங்கேயும் வந்துவிட்டது. ஆகவே சங்கம் சான்றிதழ் தரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வு வைக்காமல், சந்தா கட்டியவருக்கெல்லாம் தரக்கூடாது என்பேன்.

நாவ்டா செய்தவற்றில் எது அதிகம் பலன் தந்தது என்று கேட்டால், சிறப்புத் தகுதிகளுக்கான ஏற்பாட்டைத்தான் சொல்வேன். 1990-களில் அதற்கென ஒரு குழுவை அமைத்து, அவசர சிகிச்சைத் துறைக்கான கல்விக்கழகத்தை (அத்துறையில் சிறப்புத் தகுதி வழங்கும் டெக்னீஷியன்களின் அமைப்பு) 1996-இல் முதலாவதாக அங்கீகரித்தார்கள். மயக்க மருந்து, பல் சிகிச்சை முதலியவை பின்னால் வந்தன. இவற்றில் சேர விரும்புபவர் தாம் கவனித்த நோயாளி விலங்குகளைப் பற்றிய பதிவுகளை எழுதிச் சமர்ப்பித்துத் தேர்வும் எழுத வேண்டும். அனுபவம் கூடினாலும் அதே சம்பளம், அதே வேலை என்று சலித்துத் தொழிலைவிட்டே போகிறவர்கள் இங்கு மிகப் பலர்; அவர்களில் ஒரு பகுதியையாவது இந்த ஏற்பாடு பிடித்து வைத்தது.

பலன் தராத முயற்சியும் உண்டு. டெக்னீஷியன் என்பதற்குப் பதிலாக நாடு முழுவதும் வெட்டர்னரி நர்ஸ் என்ற ஒரே பட்டத்தைக் கொண்டுவர 2017-இல் நாவ்டா இயக்கம் தொடங்கியது. ஒஹாயோ, டென்னசி போன்ற மாநிலங்களில் மசோதாக்கள் வந்தன, மனிதர்களைக் கவனிக்கும் செவிலியரின் அமைப்புகள் எதிர்த்தன, மசோதாக்கள் நிறைவேறவில்லை. கம்பவுண்டரா, உதவியாளரா என்ற உங்கள் மனக்குறை நியாயமானது என்றாலும், பட்டப்பெயருக்கான போராட்டத்தை முதல் ஆண்டிலேயே கையில் எடுக்காதீர்கள்.

ஊதியத்தைப் பொறுத்தவரை நாவ்டா ஆய்வு நடத்தி எண்களை வெளியிடும். முதலாளியுடன் பேரம் பேசாது. அதற்குத் தொழிற்சங்கம் வேண்டும். அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை மாநிலங்களில் சில பெரிய மருத்துவமனைகளில் ஊழியர்கள் தனியாகத் தொழிற்சங்கம் அமைத்திருக்கிறார்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற மருத்துவர்

அம்மா, வெளிநாட்டு வரலாறு இருக்கட்டும். நம் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருத்துவர் தவிர வேறு எவரும் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது என்கிறது. அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கால்நடைப் பராமரிப்பு இயக்ககமோ ஒரு கால்நடை மருத்துவ நிறுவனமோ வழங்கிய டிப்ளமோ அல்லது சான்றிதழ் வைத்திருப்பவரை, பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டலிலும் சிறு மருத்துவச் சேவைகள் செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி போடுவது, காளைக்கு விதையடிப்பது, காயத்துக்குக் கட்டுப்போடுவது போன்றவை அந்தச் சிறு சேவைகள். கிராமத்துக் கால்நடைத் துறைப் பணியாளரை மனதில் வைத்து எழுதப்பட்ட வாசகம் இது. மானிட்டரைப் பார்த்து மயக்க நிலையைக் கவனிக்கும் நகரத்து டெக்னீஷியனை அன்று யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

சான்றிதழ் யார் தந்ததாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. அதில் சங்கத்துக்கு இடமில்லை. உங்கள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உறுப்பினர் ஒருவர் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட்டால், போலி மருத்துவர் என்ற புகார் அவர்மீது மட்டும் நிற்காது. அட்டையில் கையொப்பமிட்ட செயலாளரையும் தேடி வரும். மருத்துவர்கள் எதிர்ப்பார்களா என்ற கவலை உங்கள் நண்பர்களுக்கு இருக்குமானால், எதிர்ப்பு கிளம்பப் போவது இந்த ஒரு காரணத்தால்தான். மற்றபடி, நல்ல டெக்னீஷியன் இல்லாமல் அறுவை அரங்கில் தவித்த எந்த மருத்துவரும் உங்கள் பயிற்சி வகுப்பை எதிர்க்க மாட்டார்.

பதிவைப் பொறுத்தவரை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். சங்க விவரக் குறிப்பும் தனிநிலைச் சட்டவிதிகளும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டுப் பின்னால் அலைகிற சங்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொழிற்சங்கமாகப் பதிவதற்குச் சட்டம் வேறு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காதீர்கள்.

கொங்குமலர்

மூவருக்கும் மிக்க நன்றி. சான்றிதழ் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டதற்கான வருகைச் சான்று மட்டும் தருவது, அடையாள அட்டையில் 'உறுப்பினர்' என்பதற்கு மேல் எதுவும் அச்சிடாதது என்று நண்பர்களிடம் சொல்லப் போகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். எங்களில் டிப்ளமோ படித்தவர்களும் இருக்கிறார்கள், மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இருவருக்கும் ஒரே வாக்குரிமை கொடுக்கலாமா? மருத்துவர்களைச் செயற்குழுவில் சேர்க்கலாமா?

யாழ்வழி

முதல் கேள்விக்கு: கொடுங்கள். பதிவேடு ஒன்று இல்லாத ஊரில் படிப்பை வைத்து வாக்குரிமையைப் பிரித்தால், பெரும்பாலானவர்கள் சந்தா மட்டும் கட்டும் இரண்டாந்தர உறுப்பினர்களாகிவிடுவார்கள். ஆனால் உறுப்பினர் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய படிப்பு, பணியனுபவம், அன்றாடம் செய்யும் வேலைகள் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். நாளை மாநில அரசிடம் ஒரு படிப்பையோ அனுமதி ஆணையையோ கேட்கப் போகும்போது, இன்ன வேலையை இத்தனை பேர் இன்ன பயிற்சியோடு செய்துகொண்டிருக்கிறார்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தப் பதிவேடு ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற மருத்துவர்

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: செயற்குழுவில் வேண்டாம். உங்களுக்குச் சம்பளம் தருபவர் எதிரே அமர்ந்திருக்கும் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? வாக்குரிமை இல்லாத ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, பாடத்திட்டம் எழுதுவதற்கும் வகுப்பு எடுப்பதற்கும் மருத்துவர்களை அழையுங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவராவது அதில் இருக்கட்டும், ஏனெனில் பின்னாளில் சட்டம் ஏற்கும் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கும்படி கேட்கப் போக வேண்டிய இடம் கல்லூரிதான். விதிகளின் வரைவு தயாரானதும் இங்கே பதிவிடுங்கள்; உறுப்பினர் தகுதி, நோக்கங்கள் ஆகிய இரண்டு பகுதிகளையும் பார்த்துத் தருகிறேன்.