ஒரு குவேக்கர் குடும்பத்தைத் தேடி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கடல்மல்லி:

என் கணவர் அமெரிக்கர். பென்சில்வேனியாவில் செஸ்டர் கவுண்டியில் இருக்கிறோம். அவருடைய பாட்டிக்கு 91 வயது. போன வருடம் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதற்குள் எட்டாக மடித்த ஒரு பெரிய தாள். 1801-இல் நடந்த ஒரு கல்யாணத்தின் சான்றிதழ். கீழே வரிசை வரிசையாகக் கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன், 43 பேர்.

"இவங்கெல்லாம் யார் பாட்டி?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு வந்தவங்க. எங்க ஆளுங்க குவேக்கர், அது ஒரு கிறிஸ்தவப் பிரிவு. பாதிரியார் கிடையாது, மோதிரம் கிடையாது. மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நின்று தாங்களே வார்த்தை சொல்வாங்க. பார்த்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க" என்றார். நம் வீட்டு மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. யார் வந்தார்கள் என்று நூறு வருடம் கழித்தும் சொல்லக்கூடியது அது ஒன்றுதானே.

பாட்டி இருக்கும்போதே இந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தாளில் 'நியூ கார்டன்' என்ற கூட்டத்தின் பெயர் தெளிவாக இருக்கிறது. குவேக்கர்கள் தங்கள் உள்ளூர்ச் சபையைக் கூட்டம் என்றுதான் சொல்வார்கள். கவுண்டி பெயர் இருந்த வரி சரியாக மடிப்பில் விழுந்து தேய்ந்துவிட்டது. நியூ கார்டன் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. குவேக்கர்களுக்கு மாதம் ஒரு முறை நிர்வாகக் கூட்டம் நடக்கும். பிறப்பு, இறப்பு, கல்யாணம், யார் வந்தார், யார் போனார் எல்லாமே அந்த மாதக் கூட்டத்தின் குறிப்பேட்டில்தான் ஏறும். இந்தப் பகுதிக் குறிப்பேடுகள் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்டு கல்லூரி நூலகங்களில் இருக்கின்றன. ஆன்சஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் படமாகவும் பார்க்கலாம். எட்டு மாதம் தேடினேன். 1801-க்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டேன். அந்த மணமக்கள் பெயரே இல்லை.

அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்கே தவறு செய்கிறேன்?

*

இலைச்சருகு:

வணக்கம் கடல்மல்லி. நான் இண்டியானா, ரிச்மண்டில் இருக்கிறேன். இங்கே எர்ல்ஹாம் என்ற குவேக்கர் கல்லூரி இருக்கிறது. பழைய குறிப்பேடுகளைப் படித்து எழுதும் வேலையில் நாலு வருடமாக ஓய்வு நேரத்தைச் செலவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நியூ கார்டன் என்பது ஒரே ஒரு ஊர் இல்லை. அயர்லாந்தில் கார்லோ கவுண்டியில் ஒன்று. அங்கிருந்து வந்தவர்கள் பென்சில்வேனியாவில் வைத்தது ஒன்று, உங்கள் பக்கத்தில் இருப்பது. வட கரோலினாவில், இப்போதைய கிரீன்ஸ்போரோவில் ஒன்று, 1754-இலிருந்து மாதக் கூட்டம். பிறகு இண்டியானாவில் எங்களுக்கு வடக்கே ஒன்று. கிளம்பிய ஊரின் பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

எந்த நியூ கார்டன் என்பதை அந்த 43 கையெழுத்தே சொல்லும். மணமக்கள் பெயரை விடுங்கள், சாட்சிகளின் குடும்பப் பெயரைப் பாருங்கள். காஃபின், ஸ்டார்பக், மேசி, கார்ட்னர், ஸ்வைன் என்று ஏதாவது இருக்கிறதா? இவை நான்டக்கெட் தீவுக்காரர்களின் பெயர்கள். திமிங்கல வேட்டையில் வாழ்ந்த குவேக்கர்கள். 1771-இலிருந்து அவர்களில் பல குடும்பங்கள் வட கரோலினாவின் கில்ஃபோர்டு கவுண்டிக்குப் போய்விட்டன. அந்தப் பெயர்கள் கூட்டமாக இருந்தால் உங்கள் தாள் வட கரோலினாவுடையது.

இன்னொன்று. ஹின்ஷா தொகுத்த பெரிய தொகுதிகளை எல்லோரும் பார்ப்பார்கள். வில்லியம் வேட் ஹின்ஷா ஓப்பரா பாடகராக இருந்தவர். பின்னாளில் இந்தக் குறிப்பேடுகளைச் சுருக்கி அச்சில் கொண்டுவந்த மனிதர். அந்த உழைப்புக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் அதில் இருப்பது சுருக்கக் குறிகள் மட்டும். 'எம் ஓ யு' என்றால் சபைக்கு வெளியே கல்யாணம். 'டிஸ்' என்றால் விலக்கம். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மூலக் குறிப்பேட்டில் யார் போய்ப் பேசினார்கள், அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள், மனம் வருந்திக் கடிதம் கொடுத்தாளா என்று மாதா மாதம் எழுதியிருப்பார்கள். பெண்களுக்குத் தனிக் கூட்டம், தனிக் குறிப்பேடு. அதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை ஆண்கள் குறிப்பேட்டில் ஒரே வரியாக இருந்த விஷயம் பெண்கள் குறிப்பேட்டில் ஐந்து மாதம் ஓடியதைப் பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

கடல்மல்லி:

இலைச்சருகு, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! காஃபின் மூன்று பேர், மேசி இரண்டு பேர், ஸ்வைன் ஒருவர். எட்டு மாதமாக என் கண் முன்னே இருந்திருக்கிறது.

வட கரோலினாவின் குறிப்பேடுகள் கில்ஃபோர்டு கல்லூரியில் இருக்கின்றன. நியூ கார்டன், 1801, கிடைத்துவிட்டது! கல்யாணத்துக்கு முன் இருவரும் அடுத்தடுத்து இரண்டு மாதக் கூட்டங்களில் எழுந்து தங்கள் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வேறு எங்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரிக்க ஆள் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் 1811-இல் ஒரு இடமாற்றச் சான்று. ஒரு குவேக்கர் குடும்பம் வேறு இடம் போனால் பழைய கூட்டம் புதிய கூட்டத்துக்கு ஒரு கடிதம் கொடுக்கும். ஒழுங்காக நடந்தவர்கள், கடன் பாக்கி இல்லை, எங்களுடையவர்கள், உங்களிடம் ஒப்படைக்கிறோம் என்று. இவர்களுடையது ரிச்மண்டில் இருக்கும் வைட்வாட்டர் கூட்டத்துக்கு. கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள், ஏழு பெயரும் இருக்கிறது. 1850-க்கு முன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. இங்கே கைக்குழந்தைக்குக் கூடப் பெயர்.

ஏன் கிளம்பினார்கள் என்று பாட்டி கேட்டார். தெற்கில் அடிமை முறை. குவேக்கர்கள் விடுதலை செய்ய நினைத்தாலும் வட கரோலினாச் சட்டம் தடுத்தது. ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே 1787 சட்டப்படி அடிமை முறை கிடையாது. 1800-க்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். "அப்போ நாங்க நல்ல காரணத்துக்குத்தான் கிளம்பினோம்" என்று பாட்டி இரண்டு தடவை சொன்னார்.

*

செம்பருத்தி:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பதும் பென்சில்வேனியாதான், பெர்க்ஸ் கவுண்டி. பக்கத்தில் எக்ஸெட்டர் கூட்டம். அமெரிக்காவின் புகழ்பெற்ற எல்லைப்புற வீரர் டேனியல் பூன் 1734-இல் பிறந்தது இங்கேதான். அவருடைய தாத்தா நெசவாளி, இங்கிலாந்தில் டெவன் பகுதியின் பிராட்னிஞ்சிலிருந்து 1717-இல் வந்தவர்.

டேனியலின் அக்கா 1742-இல் சபைக்கு வெளியே கல்யாணம் செய்தாள். அப்பா ஸ்குவயர் பூன் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். 1747-இல் மகன் இஸ்ரேலும் அதையே செய்தான். இந்த முறை அப்பா வருத்தம் தெரிவிக்க மறுத்துவிட்டார். அவரையே விலக்கிவிட்டார்கள். 1750-இல் குடும்பம் வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கை நோக்கிக் கிளம்பிவிட்டது.

நான் என் தோழிக்காக அவள் முன்னோரைத் தேடினேன். அதிலும் இதேபோல ஒரு விலக்கம். அவள் முகம் சுருங்கிப்போனது. நம் ஊரில் தள்ளிவைப்பது போல நினைத்துவிட்டாள். அது அப்படி இல்லை என்று விளக்கினேன். பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல் நிற்காது. ஞாயிறு வழிபாட்டுக்கும் வரலாம். நிர்வாகக் கூட்டத்தில் இடமில்லை, அவ்வளவுதான். அந்த விலக்கக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால் அவளுடைய கொள்ளுப்பாட்டியின் பாட்டி யாரைக் கட்டினாள் என்றே தெரிந்திருக்காது.

தேதியில் கவனமாக இருங்கள், கடல்மல்லி. குவேக்கர்கள் மாதப் பெயர் எழுத மாட்டார்கள், எண்தான். 1752-க்கு முன் வருடம் மார்ச்சில் தொடங்கியது. ஆகவே முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி.

*

கடல்மல்லி:

செம்பருத்தி அக்கா, சரியான நேரத்தில் சொன்னீர்கள்.

வட கரோலினாவுக்கு முந்தைய தலைமுறையைத் தேடும்போது யாரோ இணையத்தில் போட்ட குடும்ப மரம் ஒன்று கிடைத்தது. கல்யாணம் ஏப்ரல் 1728, முதல் குழந்தை பிப்ரவரி 1728 என்று இருந்தது. குழந்தை முதலில், கல்யாணம் அப்புறம்! கீழே ஒருவர் அந்தப் பெண்ணைப் பற்றி மோசமாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். மூலத்தைப் பார்த்தேன். கல்யாணம் 1728 இரண்டாம் மாதம், அதாவது ஏப்ரல். குழந்தை 1728 பன்னிரண்டாம் மாதம். நம் கணக்கில் அது பிப்ரவரி 1729. மாதத்தை மாற்றியவர் வருடத்தை மாற்றவில்லை. கிட்டத்தட்ட முந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் மேல் இப்படி ஒரு சொல் நிற்கக் கூடாது. அந்தத் தளத்துக்கு மூலப் படத்தோடு எழுதித் திருத்த வைத்தேன். மூன்று வாரம் ஆனது, பரவாயில்லை.

*

தூரதேசி:

டப்ளினிலிருந்து எழுதுகிறேன். இங்கே யாரிடமாவது குடும்ப வரலாறு என்றால் முதலில் 1922 தீயைத்தான் சொல்வார்கள். ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பெரும்பகுதி அதில் சாம்பல். குவேக்கர்கள் தங்கள் ஏடுகளைத் தாங்களே வைத்திருந்ததால் தப்பித்தன. ராத்ஃபார்னமில் அவர்களுடைய நூலகம் இருக்கிறது.

என் வீட்டுக்கார அம்மா குவேக்கர். அவருடன் ஒருநாள் போயிருந்தேன். எனக்கு மறக்க முடியாதது துன்பப் பதிவேடு. அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு வரி, கட்ட இவர்கள் மறுப்பார்கள். உடனே வசூலிக்கிறவர்கள் வந்து பொருளைப் பறித்துப் போவார்கள். எந்த வருடம், யாரிடம், என்ன பொருள், என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்ஸ் கட்டு, பசு, தட்டு. அந்த வீட்டில் என்ன இருந்தது என்பது அவர்கள் இழந்ததை வைத்தே நமக்குத் தெரிகிறது. "எங்க முன்னோரோட பசு" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு வரியைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

கடல்மல்லி, உங்கள் குடும்பக் கதையில் அயர்லாந்துக்கு முன்னால் இங்கிலாந்தும் இருக்கலாம். அயர்லாந்தில் முதல் குவேக்கர் கூட்டம் 1654-இல் லர்கனில் வில்லியம் எட்மண்ட்ஸன் தொடங்கியது. அவரே இங்கிலாந்திலிருந்து வந்த சிப்பாய். இங்கிலாந்துப் பதிவேடுகள் 1840-இல் அரசிடம் போய்விட்டன, இப்போது லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஆர்ஜி 6' என்ற வரிசையில் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் குவேக்கர்கள் சுருக்கப் படி எடுத்துவைத்தார்கள். லண்டனில் யூஸ்டன் நிலையத்துக்கு எதிரே ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ் நூலகத்தில் கேளுங்கள்.

*

கடல்மல்லி:

கடைசியாக ஒன்று எழுதிவிட்டுப் போகிறேன்.

வட கரோலினாவுக்கு அவர்கள் கொண்டுபோன இடமாற்றச் சான்றும் கிடைத்துவிட்டது. 1750-களில் எழுதியது. கொடுத்த கூட்டம் பென்சில்வேனியாவின் நியூ கார்டன். நான் எட்டு மாதம் தேடிய அதே ஏடு, நான் புரட்டிய ஆண்டுகளுக்கு ஐம்பது வருடம் முன்னால். அயர்லாந்திலிருந்து இங்கே வந்து, இங்கிருந்து தெற்கே போய், தெற்கிலிருந்து இண்டியானா போய், பாட்டியின் அப்பா வேலைக்காக மறுபடியும் இங்கே வந்திருக்கிறார். தன் ஆட்கள் கிளம்பிய இடத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

போன ஞாயிறு பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து நியூ கார்டன் கூட்டத்தின் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். பழைய குவேக்கர்கள் கல்லறைக் கல் வைப்பதை ஆடம்பரமாக நினைத்தவர்கள். அதனால் அவர்களில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று காட்ட முடியாது. வெறும் புல். பாட்டி 1728 கல்யாணத்தின் நகலை மடியில் விரித்து, சாட்சிகளின் பெயரை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். கடைசிப் பெயர் வரைக்கும் படித்து முடித்தபிறகுதான் வீட்டுக்குப் போகலாம் என்றார்.